ஆங்கில இலக்கியத்தில் எந்தத் தாளை எடுப்பது? மதுரைக் கல்லூரிகளுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பேருந்து பிடித்து மதுரைக்கு வந்து பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் மாணவர்களில் பலருக்கு, தாங்கள் படிக்கும் தாள்களில் சிலவற்றைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது இரண்டாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. அதுவும், வகுப்பில் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டு, மாலைக்குள் பெயரெழுதித் தரவேண்டும் என்று சொல்லும்போதுதான். பக்கத்தில் இருப்பவர் எதற்கு நேரே பெயர் எழுதினாரோ அதற்கு நேரேயே தம் பெயரையும் எழுதிவிட்டு, பிறகு ஆறு மாத காலம் அந்தத் தாளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அந்த முடிவை முன்கூட்டியே நிதானமாக எடுப்பதற்கான வழியை இங்கே படிப்படியாகத் தருகிறேன். முதுகலை மாணவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

உங்கள் கையில் இருக்கும் தெரிவு எவ்வளவு?

தமிழ்நாட்டு இளங்கலைப் படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி எல்லாத் துறையினருக்குமான பொது ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்), எலெக்டிவ் (விருப்பப் பாடம்) ஆகிய மூன்றும் வரும். நான்காம் பகுதியில் திறன் பாடங்களும், என்.எம்.இ. எனப்படும் பிற துறை விருப்பப் பாடமும், சுற்றுச்சூழல் கல்வி போன்றவையும் வரும்; ஐந்தாம் பகுதி என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணிகள். இவற்றில் மேஜர் தாள்களை மாற்ற முடியாது. சாசர் காலம் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரையிலான கவிதை, உரைநடை, நாடகம், ஷேக்ஸ்பியர், விமர்சனம், மொழி வரலாறு எல்லாம் பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியவை எலெக்டிவ், என்.எம்.இ., சில கல்லூரிகளில் திறன் பாடம் ஆகியவை மட்டுமே. எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே அவற்றை வீணாக்கக் கூடாது.

இந்தத் தெரிவு எவ்வளவு விரிவானது என்பது உங்கள் கல்லூரி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. 1881-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கல்லூரி, 1948-இல் தொடங்கப்பட்ட லேடி டோக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பாத்திமா கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். இவை தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துத் தேர்வும் நடத்துகின்றன. பட்டத்தை மட்டும் 1966-இல் நிறுவப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வழங்குகிறது. தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தையே பின்பற்றுகின்றன. அங்கே பாடத்திட்டத்தில் மூன்று எலெக்டிவ் அச்சாகியிருந்தாலும், ஆசிரியர் எண்ணிக்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் பார்த்துத் துறை அவற்றில் ஒன்றை மட்டும் நடத்தக்கூடும். எனவே முதல் ஆண்டிலேயே துறைத் தலைவரிடமோ வகுப்பு ஆசிரியரிடமோ, "ஐந்தாம் செமஸ்டர் எலெக்டிவில் எதெல்லாம் நம் கல்லூரியில் உண்மையிலேயே நடக்கிறது, மேடம்?" என்று கேட்டுவிடுங்கள். நடக்காத தாளுக்காகத் திட்டமிடும் வேலை மிச்சமாகும்.

பாடத்திட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

கல்லூரி இணையதளத்திலிருந்து பாடத்திட்டத்தை இறக்கும்போது, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரியதுதானா என்று முதலில் சரிபாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறுகிறது. சீனியர் அக்கா கொடுத்த நோட்ஸில் இருக்கும் நாவல் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாமல் போயிருக்கலாம்.

அடுத்து, தாளின் தலைப்பை விட்டுவிட்டு அதன் ஐந்து அலகுகளுக்கும் (யூனிட்) நேராக இறங்குங்கள். தலைப்பு உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. "பெண்கள் எழுத்து" என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரு கல்லூரியில் ஆறு கவிதையும் நான்கு சிறுகதையும் ஒரு நாடகமும் இருக்கலாம். இன்னொன்றில் மூன்று முழு நாவல்களும் அவற்றின் மேல் கனமான கோட்பாட்டுக் கட்டுரைகளும் இருக்கலாம். எது டீட்டெய்ல்டு, எது நான்-டீட்டெய்ல்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். டீட்டெய்ல்டு பகுதியிலிருந்து வரிகளைக் கொடுத்து இடஞ்சுட்டிப் பொருள் விளக்கச் சொல்வார்கள். நான்-டீட்டெய்ல்டு பகுதியில் கதையும் பாத்திரமும் கருவும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். நீளமான நாவல் நான்-டீட்டெய்ல்டில் இருப்பதும், முப்பது பக்கக் கவிதை டீட்டெய்ல்டில் இருப்பதும் ஏறத்தாழ ஒரே உழைப்பைக் கேட்கும்.

ஆசிரியர் பெயரும் ஏமாற்றும். ஜார்ஜ் எலியட் என்று பார்த்துவிட்டு, முன்பு படித்தவர்தானே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய 'சைலஸ் மார்னர்' இருநூறு பக்க அளவிலான கதை; 'மிடில்மார்ச்' எண்ணூறு பக்கம் போகும்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள நாவல் ஒன்றை நூலகத்தில் எடுத்து, நடுப்பகுதியில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, கைப்பேசியை அணைத்துவிட்டு இருபது நிமிடம் படியுங்கள். முதற்பக்கத்தில் தொடங்க வேண்டாம். தொடக்கம் எப்போதும் மெதுவாகவே போகும். தெரியாத சொல் வந்தால் பென்சிலால் ஒரு தாளில் குறித்துவிட்டு நிற்காமல் நகருங்கள். இருபது நிமிடத்தில் மூன்று பக்கம் முடிந்தால் மணிக்கு ஒன்பது பக்கம். 360 பக்க நாவலுக்கு 40 மணி நேரம். செமஸ்டர் என்பது 90 வேலைநாள், அதாவது 18 வாரம். அந்த ஒரு நாவலுக்கு மட்டும் வாரம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஒதுக்க வேண்டும். அப்படிப்பட்ட நாவல் மூன்று இருக்கும் தாளை, பகுதிநேர வேலைக்கும் போகிற மாணவர் எடுப்பதற்கு முன் யோசிப்பது நல்லது. நடந்து வரும் தூரத்தில் விடுதியில் தங்கியிருப்பவருக்கும், தினம் மூன்று மணி நேரம் பேருந்தில் கழிப்பவருக்கும் ஒரே தாள் ஒரே சுமையாக இருப்பதில்லை. பென்சிலால் குறித்த சொற்களையும் எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து என்றால் பழகப் பழகக் குறையும். பதினைந்தைத் தாண்டினால், அதே காலத்தைச் சேர்ந்த சிறுகதைகளில் கொஞ்சம் பழகிவிட்டு அந்த நாவலுக்கு வரலாம்.

பழைய வினாத்தாளைப் பார்க்காமல் பெயர் கொடுக்காதீர்கள்

கல்லூரி நூலகத்தில் பழைய வினாத்தாள்களைக் கட்டாகத் தைத்து வைத்திருப்பார்கள். பல கல்லூரிகள் இணையதளத்திலும் போட்டிருக்கின்றன. நீங்கள் நினைத்திருக்கும் தாளின் கடைசி மூன்று வினாத்தாள்களையாவது எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் கவனிக்க வேண்டியது தெரிவு எப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது. ஒவ்வோர் அலகுக்கும் "இது அல்லது அது" என்று கேட்டிருந்தால் ஐந்து அலகையும் படித்தே ஆகவேண்டும். "ஐந்தில் மூன்றுக்கு விடை தருக" என்றிருந்தால் பிடிபடாத ஓர் அலகைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கலாம். இரண்டாவது, வினாக்களின் சுபாவம். ஒரு நாவலைப் பற்றி "கதைச் சுருக்கம் எழுதுக" என்று மூன்றாண்டும் கேட்டிருந்தால், அந்தத் தாளில் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும். நீங்கள் எழுத்தில் வளர்வது கடினம். அதே நாவலைப் பற்றி, கதையைச் சொல்பவரின் வார்த்தையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராயச் சொல்லியிருந்தால், அந்தத் தாள் உங்களை உட்கார வைத்து வேலை வாங்கும். இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. என் கருத்தைக் கேட்டால், மூன்றாண்டில் ஒரு தாளையாவது இரண்டாம் வகையில் எடுத்துவிட வேண்டும். பின்னால் எம்.ஏ. செல்லும்போது விடைத்தாளில் சொந்தமாக ஒரு வாதத்தைக் கட்டியெழுப்பும் பழக்கம் அங்கிருந்துதான் வரும்.

செமினார், அசைன்மென்ட் போன்றவற்றுக்குக் கல்லூரிக்குள்ளேயே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணையும் விசாரியுங்கள். இணைப்புக் கல்லூரிகளில் பெரும்பாலும் 25 இன்டர்னல், 75 வெளித்தேர்வு. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த விகிதம் மாறுபடும். மேடையில் பேசக் கூச்சப்படுகிறவர், செமினாரும் குழு விவாதமும் நிறைந்த தாளை அந்தக் கூச்சம் போகட்டும் என்று எடுக்கலாம். ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

எந்தத் தாள் எதைக் கேட்கும்

நாடகம். நாவலைவிட அளவில் சிறியது, பேச்சு வடிவில் இருப்பது, இரண்டு மூன்று மாலையில் ஒன்றை முடித்துவிட முடிவது ஆகிய காரணங்களால், ஆங்கில வாசிப்புக்குப் புதியவர் முதலில் எடுக்க வேண்டிய தாள் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 1964-இல் எழுதித் தாமே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த 'துக்ளக்' போன்றவை இந்திய நாடகத் தாள்களில் அடிக்கடி இடம்பெறும். நாடகத்தை மௌனமாகப் படிக்காமல், விடுதி அறையில் நான்கு பேர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்கப் படித்தால் பாதி விளக்கவுரை தேவைப்படாது.

கவிதை. பக்கம் குறைவு என்பதை மட்டும் நம்பி இதை எடுப்பவர்கள் அதிகம். பதினான்கு வரிக் கவிதை ஒன்றுக்கு ஒரு வாரம் தேவைப்படுவதும் உண்டு. பாடம் கேட்காமல் நோட்ஸை மட்டும் வைத்து ஒப்பேற்றக் கடினமான தாள் இது. வகுப்புக்கு ஒழுங்காக வர முடிந்தால் எடுங்கள்.

விமர்சனமும் கோட்பாடும். அரிஸ்டாட்டிலில் தொடங்கி சிட்னி, ஜான்சன், வேர்ட்ஸ்வொர்த், ஆர்னால்டு, டி.எஸ். எலியட் என்று வருகிற விமர்சன வரலாறு பெரும்பாலும் மேஜரில் இருக்கும். சோசூரின் மொழியியலிலிருந்து கிளைத்து வந்த அமைப்பியல், பின்னமைப்பியல் போன்றவை எலெக்டிவாக வரலாம். விமர்சன வரலாற்றை முடிக்காமல் கோட்பாட்டுத் தாளில் கால் வைப்பது வீண் துன்பம். இந்திய அழகியல் ஓர் அலகாக இருந்தால் நம் மாணவருக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும்: தமிழ் வகுப்பில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல் என்று எட்டு மெய்ப்பாடுகளைப் படித்தவருக்கு, பரதரின் எட்டு ரசங்கள் அந்நியமாகத் தோன்றா.

மொழியியலும் ஒலியியலும். இலக்கியம் பிடிக்கும் என்று வந்தவர்கள் இதைக் கண்டு ஒதுங்குவார்கள். ஆசிரியர் வேலையை நோக்கிப் போகிறவர் ஒதுங்க வேண்டாம். ஒலிக்குறிகளைப் பழக ஒரு மாதம் ஆகும். அதன்பின் மதிப்பெண் நிலையாக வருகிற தாள் இது.

இதழியல், ஊடகம், திரைப்பட ஆய்வு போன்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செய்முறைப் பயிற்சி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் அது இன்னொரு மனப்பாடத் தாள்தான்.

மொழிபெயர்ப்பும் ஒப்பிலக்கியமும்: தமிழ்வழியில் வந்தவர்களுக்கு

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள், ஆங்கிலத் துறையில் தங்கள் தமிழை ஒரு குறையைப் போல மறைத்து வைத்துக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பில் இந்திய இலக்கியம், மொழிபெயர்ப்பியல், ஒப்பிலக்கியம் ஆகிய தாள்களில் அந்தத் தமிழே அவர்களின் முதலீடு. வகுப்பில் மற்றவர்கள் மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கும்போது, மூலத்தையும் சேர்த்துப் படிக்க முடிகிறவர் அவர்.

எடுத்துக்காட்டாக, திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஜி.யு. போப் 1886-இல் வெளியிட்டது செய்யுள் வடிவம், வ.வே.சு. ஐயர் 1916-இல் வெளியிட்டது உரைநடை. பத்தாம் வகுப்பிலிருந்தே மனப்பாடமாக இருக்கும் ஒரு குறளை எடுத்து, இரண்டு மொழிபெயர்ப்பையும் அதனடியில் எழுதி வைத்துப் பாருங்கள். எதுகைக்காகப் போப் எங்கே சொற்களைக் கூட்டுகிறார், ஐயர் எங்கே பொருளை விரித்துச் சொல்கிறார், குறளின் ஏழு சீரில் இருந்த இறுக்கம் எங்கே தளர்கிறது என்று வரிவரியாகக் குறிக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு பக்கக் குறிப்பு, அசைன்மென்ட்டுக்கான முழுக் கட்டுரையின் எலும்புக்கூடு. இதே முறையில், 401 பாடல்கள் கொண்ட குறுந்தொகையிலிருந்து ஏ.கே. ராமானுஜன் தேர்ந்தெடுத்து 1967-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பாடல்களையும், 1992-இல் தமிழில் வந்து 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போன பாமாவின் 'கருக்கு' நூலையும் அணுகலாம். பின்னதில், விருதுநகர் வட்டாரப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவருக்கு மட்டுமே புலப்படும் நுட்பங்கள் ஏராளம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மூலம் தெரியும் என்ற தைரியத்தில் ஆங்கிலப் பிரதியைப் படிக்காமல் தேர்வுக்குப் போகக் கூடாது. வினா ஆங்கிலப் பிரதியின் மேல்தான் வரும்.

பட்டத்துக்குப் பின் என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்

கல்லூரி ஆசிரியராக நினைப்பவர்கள் எழுதும் நெட் தேர்வில் இரண்டு தாள்கள்: பொதுத் தாளில் 50 வினா, பாடத் தாளில் 100 வினா, மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. ஆங்கிலப் பாடத்திட்டம் நாடகம், கவிதை, புனைகதை, புனைவல்லாத உரைநடை, மொழியும் கற்பித்தலும், இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, விமர்சனம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடு, ஆய்வு முறைகள் என்று பத்து அலகுகளாக இருக்கிறது. உங்கள் மேஜர் தாள்களை இந்தப் பத்துக்கு நேரே எழுதுங்கள். எந்த அலகுக்கு நேரே வெற்றிடம் இருக்கிறதோ, பண்பாட்டு ஆய்வும் ஆய்வு முறையும் பெரும்பாலும் அப்படி நிற்கும், அதை எலெக்டிவால் நிரப்பப் பாருங்கள். பள்ளி ஆசிரியர் பணியை நினைப்பவர் பி.எட். படிப்புக்கு முன்பே மொழியியல், ஆங்கிலம் கற்பித்தல் ஆகிய தாள்களை முடித்திருப்பது நல்லது. அலுவலக வேலைக்குப் போகிறவருக்குத் தொழில்முறை எழுத்து, உள்ளடக்க எழுத்து, மொழிபெயர்ப்பு ஆகியவை கைகொடுக்கும்.

உங்கள் கல்லூரியில் இல்லாத தாளை, மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான 'ஸ்வயம்' தளத்தில் படிக்கவும் வழியுண்டு. யு.ஜி.சி.யின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அப்படிப் படிப்பதை அனுமதிக்கிறது. ஆனால் அந்தத் தாளுக்கான கிரெடிட்டை (பட்டத்துக்குக் கணக்கில் வரும் புள்ளிகளை) சேர்த்துக்கொள்வது கல்லூரியின் கையில் இருப்பதால், பதிவு செய்வதற்கு முன் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூல் கிடைக்குமா?

பதிவு செய்வதற்கு முன் கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது இதுவே. ஷேக்ஸ்பியர், ஆஸ்டென், டிக்கன்ஸ் போன்ற பழைய ஆசிரியர்களின் நூல்கள் காப்புரிமை முடிந்தவை. குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். சிக்கல் சமகால எழுத்தில்தான் வரும். ஐந்து அலகிலும் சமகால நாவல்கள் இருந்து, நூலகத்தில் ஒவ்வொன்றும் ஒரு படிதான் இருந்தால், முப்பது பேர் அதை வரிசையில் நின்று படிக்க முடியாது. முடிவில் எல்லோரும் ஜெராக்ஸ் கடை கைடுக்குத்தான் போய்ச் சேர்வார்கள். கல்லூரி நூலகத்தில் பார்த்த பிறகு, 2023-இல் திறக்கப்பட்ட புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடுங்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்க இடமும் உண்டு. இந்திய ஆங்கில எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமென அமெரிக்கன் கல்லூரியில் தனி ஆய்வு மையமும் நூலகமும் உள்ளன. வெளிக் கல்லூரி மாணவர்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு சென்று அனுமதி கேட்கலாம்.

பெயர் கொடுக்கும் நாளில்

முதல் விருப்பத்தோடு இரண்டாம் விருப்பத்தையும் முடிவு செய்து வைத்திருங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை சேராத தாளைத் துறை கைவிட்டுவிடும். அப்போது மிச்சமிருக்கும் ஏதோவொன்றில் உங்களைச் சேர்ப்பார்கள். நீங்கள் விரும்பும் தாள் அருகிப்போகும் நிலையில் இருந்தால், விவரம் புரிகிற நான்கைந்து பேரை முன்கூட்டியே பேசிச் சேர்த்துக்கொண்டு ஒன்றாகப் பெயர் கொடுங்கள். என்.எம்.இ. பாடங்களில் முந்தி வருபவருக்கே இடம் என்ற வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அன்றைக்கு விடுப்பு எடுக்காதீர்கள். வகுப்பு தொடங்கிய பிறகு தாளை மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாட்களுக்குள் இரண்டு மூன்று வகுப்புகளையாவது கவனித்துக் கேளுங்கள்.

யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் அந்த ஆசிரியர் அடுத்த செமஸ்டரில் வேறு தாளுக்கு மாறிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மதிப்பெண் தாராளமாகப் போடுவார் என்ற ஒரே காரணத்துக்காகச் செல்வதும் சரிவராது, வெளித்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

எடுத்த தாள்களின் பாடத்திட்டப் பக்கங்களை, தாளின் குறியீட்டு எண்ணோடு, ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். கல்லூரி இணையதளத்தில் பழைய பாடத்திட்டம் காலப்போக்கில் காணாமல் போய்விடும். வேறு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேரும்போதோ, பட்டத்தின் இணைத்தன்மையைக் காட்ட வேண்டி வரும்போதோ, எந்தத் தாளில் என்ன படித்தீர்கள் என்று கேட்பார்கள். அப்போது முத்திரையிட்ட படி கேட்டுக் கல்லூரிக்கு அலைவதைவிட, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள்ளேயே துறைத் தலைவரின் கையொப்பத்தோடு ஒரு தொகுப்பு வாங்கி வைத்துக்கொள்வது எளிது.